ஜிலேபி கெண்டையும் ஒரு சட்டி வயல் மண்ணும்

இந்தப் பக்கம் வந்து நாலஞ்சு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்லயும் கொஞ்சம் அதிகம். வந்தவுடனே மீன் பத்தி எழுதறானேன்னு அடிக்க வராதீங்க. மீன் வளர்க்காதவங்க தாராளமா படிக்கலாம், மீன் சாப்பிடறவங்க கட்டாயம் படிக்கணும். (காரணம் பாதியில வரும்.)

முதல்ல ஒரு சின்னக் கொசுவத்தி. 2024 ஆடி மாசம் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூணும் ஒரே ராத்திரியில போச்சு. அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல திறக்கல, ஜூலை 28-ல தான் திறந்தாங்க. குடமுருட்டித் தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்தப்ப அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. நாப்பது வருஷத்துல மொதத் தண்ணியை அவர் மதகுல நின்னு பாக்காதது அதுதான் முதல் தடவை. இருந்த ஆறு மாவையும் பங்காளி ஒருத்தர்கிட்ட குத்தகைக்கு விட்டாச்சு. நான் டமேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, வீட்லேர்ந்தே வேலை பாக்கறேன்னு சொல்லி தஞ்சாவூருக்கு மூட்டை கட்டினேன்.

வீட்டுக்கு வந்தா அப்பா நாள் பூரா கூடத்துல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு. டிவி போட்டா முகத்தைத் திருப்பிக்கறாரு. தண்ணியைப் பாத்துப் பழகின மனுஷன், சுவத்துல என்னத்தைப் பாப்பாரு? அப்பதான் இந்தத் தொட்டி யோசனை. கூடத்துல அவர் நாற்காலிக்கு எதிர்ல இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். மண்ணும் கட்டையும் போக எண்பது லிட்டர் தண்ணி நிக்கும். செடி நிறைய, மீன் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் சிக்லிட்டா இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை.

ஏன் சிக்லிட்? கூட்டமா சும்மா சுத்தற மீனை அஞ்சு நிமிஷம் பாக்கலாம். சிக்லிட் அப்படி இல்ல. இடம் பிடிக்கும், ஜோடி சேரும், சண்டை போடும், முட்டையைக் காவல் காக்கும், குஞ்சுகளை மேய்க்கும். ஒரு மெகா சீரியலுக்கு உண்டான சமாச்சாரம் எல்லாம் உண்டு. தொண்டைக்குள்ள இன்னொரு ஜோடித் தாடை வேற. இரையை அரைக்கற வேலையை அது பாத்துக்கறதால முன் வாய்க்கு வேற வேலை பாக்க நேரம் கிடைக்குது. கல்லைப் பெயர்க்கும், மண்ணை அள்ளும், குஞ்சைத் தூக்கிட்டுப் போகும். அதே காரணத்தால செடி வச்ச தொட்டிக்கு இவங்கள்ல பாதிப் பேர் எமன்!

ஒரு மாசம் உக்காந்து படிச்சேன். எக்செல்ல அட்டவணை கூட போட்டேன். (தொழில் புத்தி.) ஆஸ்கர் குட்டியா இருக்கும்போது கொஞ்சத் தோணும், ஒரு வருஷத்துல ஒரு அடி வளர்ந்து நிக்கும். அவுட். ஃப்ளவர்ஹார்ன், தலையில பெரிய புடைப்போட கடைகள்ல 'வாஸ்து மீன்'னு வித்தாங்களே அதுதான். 1990கள்ல மலேசியாக்காரங்க பல சிக்லிட்டை ஒண்ணோட ஒண்ணு கலந்து உருவாக்கினது. தனித் தொட்டி வேணும், ஒரு செடி மிஞ்சாது. அவுட். உடம்பெல்லாம் கருப்பு வரி போட்ட கான்விக்ட், ஜெயில் சட்டை போட்ட ரவுடி. முட்டை போட்டா வாலிஸ்நீரியாவை வேரோட பிடுங்கி மேல மிதக்க விட்டுரும். ஏஞ்சலுக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம், துடுப்போட சேத்து நிமிர்ந்து நிக்க ஒன்றரை அடி தண்ணியாவது வேணும். மனசே இல்லாம அவுட். டாங்கனிக்கா ஏரியில நத்தைக் கூட்டுக்குள்ள குடும்பம் நடத்தற பொடிசுங்க இருக்கு, ரெண்டு இஞ்ச் கூட வராது. நம்ம போர் தண்ணிக்கு அருமையா சேரும். ஆனா அதுக்கு வேண்டியது மணலும் சிப்பியும், செடி இல்ல.

மிச்சம் நின்னது மூணு. மேற்கு ஆப்பிரிக்காவோட கிரிபென்சிஸ், தென்னமெரிக்காவோட அபிஸ்டோகிராமா, ப்ளூ ராம். கிரிபென்சிஸ்ல ஒரு விசேஷம் உண்டு. குஞ்சு வளர்ற தண்ணி அமிலப் பக்கம் சாஞ்சா ஆண் குஞ்சு கூடும். ஆனா நான் தேடினப்ப நல்ல ஜோடியா கிடைக்கல. அபிஸ்டோ விலை கேட்டதும் கடையை விட்டு வெளிய வந்துட்டேன். ப்ளூ ராம் ஜோடியா கிடைச்சது. 'ராம்'னு பேர் இருக்கேன்னு நம்ம ஆளுன்னு நினைச்சுராதீங்க, அதைப் பிடிச்சு வெளி உலகத்துக்கு அனுப்பின ரமிரெஸ்ங்கறவர் பேர்தான் சுருங்கி ராம் ஆச்சு. வெனிசுவேலா, கொலம்பியா புல்வெளி ஓடைகள் அதோட ஊர். ரெண்டரை இஞ்ச், மஞ்சள் உடம்பு, நீலப் பொட்டு, கண்ணுல சிவப்பு. செடியை நோண்டாது. 28 டிகிரி வெந்நீர் கேக்கும், அது தஞ்சாவூர்ல ஓசியிலயே கிடைக்கும்.

ஒரே தகராறு உப்பு. ராமுக்கு மழைத்தண்ணி மாதிரி மெதுவான தண்ணி வேணும். எங்க வீட்டு போர் தண்ணியில டிடிஎஸ் மீட்டரை வச்சா 820! அதனால ஆர்ஓ தண்ணி மூணு பங்கு, போர் தண்ணி ஒரு பங்குன்னு குடம் குடமா கலந்து 230-க்குக் கொண்டாந்தேன். அம்மா பாத்துட்டு, "மீனுக்கு மினரல் வாட்டராடா?"ன்னு கேட்டாங்க.

அடியில போட மண். கடையில விக்கிற மண் மூட்டை விலை எனக்குக் கட்டுப்படியாகல. அமெரிக்காவுல டயானா வால்ஸ்டாட்னு ஒரு அம்மா, சாதாரணத் தோட்டத்து மண்ணை அடியில போட்டு, மேல கல் பரப்பி, செடி வச்சு, பெரிய ஃபில்டர் இல்லாமலே தொட்டி நடத்தலாம்னு 1999-ல புஸ்தகமே போட்டிருக்காங்க. அமெரிக்காவுல தோட்டத்து மண் போதும்னா காவிரி வண்டலுக்கு என்ன கேடு? ஐப்பசியில ஒரு நாள் வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் எங்க வடக்கு வயல்லேர்ந்தே ஒரு சட்டி மண் அள்ளிட்டு வந்தேன். அப்பா நிலத்து மண்ணு, அப்பா கண்ணுக்கு எதிர்ல. சினிமா மாதிரி இருந்துச்சு. ஈர மண்ணைச் சலிச்சு ஒரு இஞ்ச் போட்டு, மேல பொடிக் கல் பரப்பி, வாலிஸ்நீரியா, கிரிப்டோகோரைன், கட்டையில கட்டின ஜாவா ஃபெர்ன்னு நட்டு முடிச்சேன். பத்தாம் நாள் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சுது. பிஹெச் சரி, டிடிஎஸ் சரி, சூடு சரி. ராம் ஜோடியை விட்டேன்.

மூணு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா நாற்காலியை நகத்தச் சொல்லிக் கையைக் காட்டினாரு, தொட்டிக்கு இன்னும் கிட்ட. ஆண் மீன் துடுப்பை விரிச்சா அவர் புருவமும் சேர்ந்து விரியும்.

நாலாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஆன்சைட் ஆளுங்களோட கால். காதுல ஹெட்போன். கூடத்துலேர்ந்து டங்கு டங்குன்னு சத்தம். அப்பா இடது கையால எவர்சில்வர் டம்ளரை நாற்காலிக் கையில தட்டறாரு. தண்ணி கேட்டா அப்படித்தான் தட்டுவாரு. நான் எட்டிப் பாத்து, இதோ வரேன்பான்னு கை காட்டிட்டு உள்ள போயிட்டேன். திருப்பியும் தட்டினாரு. கதவைச் சாத்தினேன்.

கால் முடிஞ்சு வர நாப்பது நிமிஷம் ஆச்சு. டம்ளர்ல தண்ணி ரொம்பி இருந்துச்சு. அவர் விரல் தொட்டியைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, செவுள் ரத்தச் சிவப்பு. பதறிப்போய் பாதித் தண்ணியை மாத்தினேன். விடியறதுக்குள்ள ரெண்டும் போச்சு.

மீன் செத்ததுக்கு வருத்தம் ஒரு பக்கம். கதவைச் சாத்தினது இருக்கே, அது இன்னிக்கும் உறுத்துது. நாலு மாசமா வாய் பேச முடியாத மனுஷன், முதல் முதலா தனக்கு இல்லாம வேற ஒரு உசுருக்காக என்னைக் கூப்பிட்டிருக்காரு.

மறுநாள் காலையில தொட்டி முன்னாடி தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். அப்பா இடது கையால மண்ணைக் காட்டினாரு. அப்ப ஒத்தை ஒத்தை வார்த்தையா பேச்சு வர ஆரம்பிச்சிருந்த நேரம்.

"எந்த... வய?"

"வடக்கு வயப்பா."

"எப்ப?"

தேதி சொன்னேன். கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டாரு. அப்புறம் தலையை ஆட்டிட்டு ஒரே வார்த்தை. "யூரியா."

குத்தகைக்காரர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். நான் மண் அள்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் சம்பாவுக்கு மேலுரம் போட்டிருக்காரு. யூரியா மண்ணுல கரைஞ்சா அம்மோனியாவா மாறும். பயிருக்கு அது சாப்பாடு, மீனுக்கு விஷம். பழகின தொட்டியா இருந்தா பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்திரும். ஆனா அந்தப் பாக்டீரியா கூட்டம் சேர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் பத்து நாள்ல தண்ணி தெளிஞ்சுதேன்னு மீனை விட்டவன். இதுல பிஹெச்சுக்கும் பங்கு உண்டு. நம்ம ஊர் வெக்கையில பிஹெச் 7-ல நூத்துல ஒரு பங்கு கூட விஷ ரூபத்துல இருக்காத அம்மோனியா, 8-ல நூத்துக்கு ஏழெட்டுப் பங்கு ஆயிரும். அம்மோனியா கிட் விலை ஜாஸ்தின்னு வாங்காம விட்டிருந்தேன். வாங்கிப் பாத்தா கண்ணாடிக் குப்பியில கரும்பச்சை. எக்செல் அட்டவணையில பதினாலு காலம் போட்டவன், 'மண்ணுக்கு என்ன உரம் போட்டீங்க'ன்னு ஒரு காலம் போடல. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச ஆள் பத்தடி தூரத்துல உக்காந்திருந்தாரு.

மண்ணைத் தூக்கிக் கொட்டிரலாம்னு பாத்தேன். அப்பா வேணாம்னு கை காட்டினாரு. செடி சாப்பிட்டுரும்னு அர்த்தம். சரிதான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாதித் தண்ணி மாத்தி, மீனே இல்லாம தொட்டியை விட்டேன். வாலிஸ்நீரியா கோடையில வாய்க்கா கோரை வளர்ற மாதிரி வளர்ந்து, மேல வந்து படுத்துக்கிச்சு. தை பொறக்கும்போது கிட்ல அம்மோனியா சுத்தமா மஞ்சள், அதாவது பூஜ்யம்.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை. கீழவாசல் மீன் மார்க்கெட்லேர்ந்து அம்மா ஜிலேபி கெண்டை வாங்கிட்டு வந்து முத்தத்துல உக்காந்து ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. (மீன் சாப்பிடறவங்க எழுந்திருங்க, உங்க இடம் வந்தாச்சு.) சிக்லிட் குடும்பத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. கெண்டை, ரோகு மாதிரி மீனுக்கெல்லாம் மூக்கு ஓட்டை பக்கத்துக்கு ரெண்டு. சிக்லிட்டுக்குப் பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு. ஜிலேபித் தலை ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு!

அதாகப்பட்டது மக்களே, பேர்ல மட்டும்தான் அது கெண்டை. நாம காலங்காலமா குழம்பு வச்சுச் சாப்பிட்ட ஜிலேபி, ஆப்பிரிக்காவோட திலாப்பியா. அசல் சிக்லிட். 1952-ல தான் இந்தியாவுக்குள்ள கொண்டாந்தாங்க. அப்புறம் அது விடாத குளம் இல்ல, வாய்க்கா இல்ல. கோடையில குளம் வத்தும்போது தரையில வட்ட வட்டமா தட்டு மாதிரி குழி தெரியுமே, சின்ன வயசுல மாட்டுக் குளம்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆண் ஜிலேபி பொண்டாட்டி பிடிக்கத் தோண்டினது அது. முட்டை போட்டதும் பொம்பளை மீன் அத்தனையையும் வாய்க்குள்ள அள்ளிக்கும். பொரிஞ்சு குஞ்சு நீந்தற வரைக்கும் பட்டினி. குஞ்சு வெளிய வந்த அப்புறமும் ஆபத்துன்னா வாயைத் திறக்கும், எல்லாம் உள்ள ஓடிரும்.

இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அப்பாகிட்ட போய் விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, இடது கையைக் குவிச்சு வாய்கிட்ட வச்சு, அப்புறம் விரல்களைப் பொலபொலன்னு விரிச்சுக் காட்டினாரு. வலையில பிடிச்சுக் கரையில போட்டா ஜிலேபி வாயிலேர்ந்து குஞ்சு கொட்டும், அவர் பாத்திருக்காரு. நான் இருபத்தெட்டு வயசுல படிச்சதை அவர் பத்து வயசுல பாத்தவர்.

அந்த நிமிஷம்தான் உறைச்சது. நம்ம தண்ணிக்குன்னே ஒரு சிக்லிட் இருக்குமே?

இருக்கு. இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட் மொத்தமே மூணுதான். ஒண்ணு கேரளாக்காரங்க 2010-ல மாநில மீனா அறிவிச்ச கரிமீன். அது கை அளவைத் தாண்டி வளரும், செடியையும் பதம் பாக்கும். ரெண்டாவது கர்நாடகப் பக்கத்து ஆறுகளோட மீன். மூணாவது மலையாளத்துல பல்லத்தி, மீன் கடை பாஷையில ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் கழிமுகம், உப்பங்கழி, ஓடைன்னு வாழ்றது. மூணு இஞ்ச். ஒரு ரூபாக் காசை அகலமாக்கி அடிச்ச மாதிரி வட்ட உடம்பு, பொன் மஞ்சள், நடு விலாவுல ஒரு கருப்பு மச்சம். உப்புத் தண்ணி, கடினத் தண்ணி ரெண்டும் பழக்கம். எங்க வீட்டு 820 அதுக்கு அல்வா! ஆர்ஓ குடம் தூக்கற வேலையே மிச்சம்.

இந்த மீனுக்கு விஞ்ஞானப் பேர் வச்சது 1795-ல, பெர்லின்ல இருந்த ப்ளோக்ங்கற டாக்டர். ஆள் ஊரை விட்டு நகராமலே உலகத்து மீனுக்கெல்லாம் பேர் வச்சவர். அவருக்கு நம்ம பக்கத்து மீன்களைப் பதப்படுத்திக் கப்பல்ல அனுப்பிக்கிட்டு இருந்தவர் தரங்கம்பாடியில இருந்த ஜான்ங்கற பாதிரியார். நன்றிக்கு ஒரு மீன் இனத்துக்கே 'ஜானியஸ்'னு அவர் பேரை வச்சுட்டாரு ப்ளோக். நம்ம டெல்டாவோட வாசல்லேர்ந்து பெர்லினுக்கு ஜாடியில மீன் போயிருக்கு, நான் வெனிசுவேலாவுல தேடிக்கிட்டு இருந்திருக்கேன். இன்னொண்ணு, பல்லத்திக்கும் கரிமீனுக்கும் கிட்டத்துச் சொந்தக்காரங்க இருக்கறது மடகாஸ்கர்ல. நிலம் பிரிஞ்சப்ப பிரிஞ்சாங்களா, அப்புறமா கடலைத் தாண்டி வந்தாங்களான்னு இன்னும் சண்டை ஓயல.

கொளத்தூர்ல அலைஞ்சு நாலு குட்டி வாங்கினேன். கடைக்காரர், "இதுல என்ன சார் கலரு இருக்கு"ன்னு கேட்டு ராமையே காட்டினாரு. வேணாம்ணே, பட்டாச்சுன்னு சொன்னேன். இது உப்பங்கழி மீனாச்சேன்னு உப்பு போடணுமான்னு ஒரு குழப்பம் இருந்துச்சு. நல்ல தண்ணியிலயே வளர்த்த குட்டியா கேட்டு வாங்கினா, கடினத் தண்ணிக்கு உப்பு இல்லாமலே நல்லா இருக்கு. உப்பு போட்டா கிரிப்டோகோரைன் அழுகிரும்.

ஒரு மாசத்துல நாலுல ரெண்டு ஜோடி சேர்ந்து மத்த ரெண்டையும் மூலையில நெருக்குச்சு. அந்த ரெண்டையும் நண்பன் வீட்டுத் தொட்டிக்கு அனுப்பிட்டேன். எண்பது லிட்டருக்கு ஒரு ஜோடிதான் சரி, கூட ஆசைப்பட்டா ரத்தக் களறி.

தீனி போடற வேலை அப்பாவோடது. பிசியோதெரபிக்கு வர்ற தம்பிதான் சொன்னாரு, இடது கையால வேணாம், வலது கையால ஒவ்வொரு குருணையா எடுத்துப் போடச் சொல்லுங்கன்னு. கடுகு சைஸ் குருணை. முதல் வாரம் ஒண்ணு கூட விரல்ல நிக்கல, எல்லாம் தரையில. அம்மா பெருக்கிக்கிட்டே இருந்தாங்க. பங்குனியில ஒரு வேளைக்கு ஆறு எடுத்தாரு. சித்திரையில பதினஞ்சு. நான் எக்செல்ல போட்டு வச்சிருக்கேன், அந்த ஒரு அட்டவணை மட்டும் உருப்படி.

2025 வைகாசிக் கடைசியில கட்டையோட ஒரு பக்கத்தை ரெண்டும் வாயால தேய்ச்சுத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணுச்சு. அடுத்த நாள் பாத்தா வரிசையா முட்டை, ஒவ்வொண்ணும் குட்டிக் காம்புல நிக்குது, ஒரு எரநூறு இருக்கும். அம்மாவும் அப்பாவும் மாத்தி மாத்தி விசிறினாங்க. பொரிஞ்சதும் பொடிக் கல்லுல குழி பறிச்சு, குஞ்சுகளை வாயால கவ்வி அதுல போட்டு, அப்புறம் வேற குழிக்கு மாத்தி, ஒரே ரகளை. ஒரு வாலிஸ்நீரியா பிடுங்கிட்டு வந்துச்சு, மன்னிச்சு விட்டேன். குஞ்சுங்க நீந்த ஆரம்பிச்ச அப்புறம் இன்னொரு வேடிக்கை. பெத்தவங்க உடம்பு மேல இருக்கற வழவழப்பை ஒவ்வொண்ணா வந்து கொத்திச் சாப்பிடும். அது அதுங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. அப்பன் மீன் உடம்புலயும் சாப்பிடலாம், ஆட்சேபணை இல்ல.

அப்பா அதை எவ்வளவு நேரம் பாத்தாருன்னு எனக்குத் தெரியாது. நான் சாப்பிடக் கூப்பிட்டேன், வரல.

அந்த வருஷம் ஜூன் 12-லயே மேட்டூர் திறந்துட்டாங்க. மூணு நாள் கழிச்சுக் கல்லணை. எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்த அன்னிக்கு அப்பாவைக் கார்ல ஏத்தி மதகுகிட்ட கொண்டுபோய் நிறுத்தினேன். செம்மண் நிறத்துல, நுரையும் சருகும் தள்ளிக்கிட்டு வருது. கைத்தடியை ஊனி, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு டிக்கியில கிடந்த வாளியைக் காட்டி, "மொள்ளு"ன்னாரு.

"எதுக்குப்பா?"

"தொட்டிக்கு."

பூச்சிமருந்து கலந்திருக்கும், குஞ்சு வேற இருக்கு, வேணாம்பான்னு சொன்னேன். ஒரு முறை முறைச்சாரு. "மொதத் தண்ணி. எவன்... நாத்து விட்டான்? மருந்து ஏது?"

லாஜிக் இடிக்கல. மொண்டுக்கிட்டு வந்து ராத்திரி பூரா தெளிய வச்சு, காலையில மீட்டரை விட்டுப் பாத்தேன். அப்பா என்ன சொல்லுதுன்னு புருவத்தை உயர்த்தினாரு. போர் தண்ணியில நாலுல ஒரு பங்கு கூட இல்ல. குஞ்சுகளுக்குத் திடீர்னு இவ்வளவு மாத்தம் ஆகாதுப்பா, ரெண்டு சொம்பு போதும்னு சொல்லி மெதுவா ஊத்தினேன். அவருக்குத் திருப்தி இல்ல. "அர வாளி"ன்னு விரலால வெட்டிக் காட்டறாரு. நான் மூணு சொம்புக்கு மேல முடியாதுன்னுட்டேன்.